ஆடியிலேயே வந்துவிடு, பாப்பா

பாப்பா,

முப்பத்தெட்டு வயதாகி, பெங்களூரில் இருபது பேரை விரட்டி வேலை வாங்குகிற உன்னை இன்னும் பாப்பா என்று கூப்பிட இந்தப் பூவுலகில் இரண்டே பேருக்குத்தான் உரிமை உண்டு. ஒருவன் நான். மாடம்பாக்கம் மூன்றாம் மாடி சமஸ்தானத்தின் ஏகபோக அதிபதி, தண்ணீர் மோட்டாரின் தலைமைத் தளபதி, ஏரிக்கரைக் கொசுக்கள் எழுபது லட்சத்துக்கும் தினப்படி ரத்தம் அளக்கும் வள்ளல். இன்னொருத்தி, இந்தச் சமஸ்தானத்தில் உண்மையாகவே ஆட்சி நடத்துகிற உன் அம்மா. அவள் இப்போது சீரியல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மாமியார் விஷம் வைக்கிற கட்டம். அரை மணி நேரத்துக்கு இந்தப் பக்கம் திரும்ப மாட்டாள். அதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னாய்: "பவர் பத்திரம்தானேப்பா, எங்க ஓடிடப் போகுது? ஆடி முடியட்டும். ஆவணில நல்ல நாளா பாத்து லீவு போட்டுட்டு வரேன்." பின்னாலிருந்து உன் அம்மா குரல் கொடுத்தாள். "அப்படிச் சொல்லு பாப்பா. ஆடில எவனாவது பத்திர ஆபீஸ் படி ஏறுவானா? அறுபத்தொன்பது வயசாகியும் இந்த மனுஷனுக்கு அறிவு வரல." நான் விடுவேனா? "வர்றது கெடக்கட்டும்டி, இருக்கறது போயிடப் போகுது" என்றேன். நீ சிரித்தாய். அவளும் சிரித்தாள். மேலே தண்ணீர்த் தொட்டியில் குளித்துக்கொண்டிருந்த காக்காகூடச் சிரித்தது என்று நினைக்கிறேன். போனை வைத்த பிறகு எனக்கு மட்டும் சிரிப்பு நின்றுபோயிற்று. ஏனென்றால் நான் சொன்னது நகைச்சுவை இல்லை.

முதலில் உனக்குத் தெரிந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். இந்த வீடு என் ஒருவன் பேரில் இருக்கிறது. லிஃப்ட் வைக்கிறேன் என்று சொன்ன பில்டர் லிஃப்டுக்கான குழியை மட்டும் வைத்துவிட்டுப் போனான். தரையிலிருந்து மொட்டை மாடி வரை ஒரு கறுப்புக் கிணறு. ஒவ்வொரு மாடியிலும் அதன் வாயைப் பிளைவுட் பலகையால் அடைத்திருக்கிறது. காற்றடித்தால் பலகை உள்ளிருந்து யாரோ தட்டுவது போலத் தட்டும். குன்றத்தூர் மலைப்படியை ஆடிக் கிருத்திகைக்கு மூச்சு வாங்காமல் ஏறி, கீழே நிற்கும் என்னைப் பார்த்து நக்கல் அடித்த உன் அம்மா, இப்போது முட்டி தேய்ந்துபோய், இந்த ஐம்பத்து நான்கு படியை இறங்கிச் சித்திரையிலிருந்து இரண்டே தடவைதான் தெருவைப் பார்த்திருக்கிறாள். இரண்டு தடவையும் டாக்டரிடம் போகத்தான். இரண்டு தடவையும் கீழ்வீட்டுப் பையன்கள் அவளைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு இறக்கினார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு கந்த சஷ்டி சொல்லிக்கொண்டே போனாள். இதை விற்றுவிட்டு, பெருங்களத்தூர் பக்கம் லிஃப்ட் உள்ள வீடோ, எங்காவது ஒரு தரைத்தள வீடோ அவளுக்குப் பார்க்க வேண்டும். அலைய என்னால் முடியவில்லை, நீ செய், உனக்குப் பவர் எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். இதுவரை உனக்குத் தெரியும்.

உனக்குத் தெரியாததை இப்போது சொல்கிறேன். உட்கார்ந்துகொண்டு படி.

போன மாதம் பேங்குக்குப் போனேன். செக்கில் கையெழுத்துப் போட்டு நீட்டினேன். கவுண்டரில் இருந்த பெண் செக்கைப் பார்த்தாள், கம்ப்யூட்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சார், இது யார் பேரு?" என்றாள். வாங்கிப் பார்த்தேன். என் கையெழுத்தின் அதே சாய்வு, அதே கடைசிச் சுழி. ஆனால் எழுதியிருந்தது என் அண்ணன் பெயர். உன் பெரியப்பா பெயர். அவர் செத்துப் பதினாறு வருடம் ஆகிறது. "என் பினாமிம்மா, அப்பப்ப குறுக்க வந்துடுவாரு" என்றேன். அவள் சிரித்தாள், வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள், வேறு செக் எழுதிக் கொடுத்துவிட்டு ராஜநடை நடந்து வெளியே வந்தேன். வெளியே வந்தவனுக்கு ஸ்கூட்டரை எங்கே நிறுத்தினோம் என்று தெரியவில்லை. அரை மணி நேரம் தேடினேன். பிறகுதான் ஞாபகம் வந்தது, ஸ்கூட்டரை விற்று மூன்று வருடம் ஆகிறது.

உன் அம்மாவிடம் கண் டாக்டர் என்று பொய் சொல்லிவிட்டு நரம்பு டாக்டரிடம் போனேன். ஸ்கேன் எடுத்தார்கள். கடிகாரம் வரையச் சொன்னார்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள். "டாக்டர், இந்தக் கணக்கு எனக்குப் பத்தாவது படிக்கும்போதே வராது, அதை வெச்சு என்னைப் பைத்தியம்னு எழுதிடாதீங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை. நான் பார்த்த மனிதர்களிலேயே என் ஜோக்குக்குச் சிரிக்காத முதல் ஆள் அவர்தான். "மறதி நோயோட ஆரம்பம் சார். இப்ப தெளிவாத்தான் இருக்கீங்க. இது எவ்வளவு நாளைக்குன்னு என்னால சொல்ல முடியாது. கையெழுத்து வேலை எதுனா இருந்தா தள்ளிப் போடாதீங்க" என்றார்.

அங்கிருந்து நேராகக் கிழக்குத் தாம்பரத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கும் வக்கீல் அம்மாவிடம் போனேன். நம் ஊரில் பவர் பத்திரத்தைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்பது என் இறுமாப்பு. தாம்பரத்துக்கும் வண்டலூருக்கும் நடுவே வயலாக இருந்ததெல்லாம் வீடாக மாறியது ஜெனரல் பவர் என்ற இரண்டு வார்த்தையில்தான். அந்தக் காகிதங்களை வரிசையாக ஒட்டினால் கன்னியாகுமரிக்குப் போய், கடலில் கால் நனைத்துவிட்டு, திரும்பி வந்து ஜிஎஸ்டி ரோட்டில் டிராஃபிக் ஜாமில் நிற்கும். அந்த அம்மா என் அளப்பை எல்லாம் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார். "சார், உயில் நீங்க போன பிறகு பேசும். பவர் நீங்க இருக்கற வரைக்கும் பேசும். ஆனா இருக்கறதுன்னா மூச்சு மட்டும் இல்ல. உங்களுக்குப் புத்தித் தெளிவு போன அன்னிக்கே பவரும் செத்துடும். நம்ம நாட்டுச் சட்டம் அப்படித்தான். பேப்பர் மட்டும் பீரோல பத்திரமா இருக்கும்."

அதாவது, பாப்பா, புத்தி போவதற்கும் உயிர் போவதற்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. அங்கே உயிலும் எட்டாது, பவரும் எட்டாது. அது ஆறு மாதமாகவும் இருக்கலாம், பன்னிரண்டு வருடமாகவும் இருக்கலாம். அதில் நான் விழுந்துவிட்டால், வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு அலையாமல் இந்த வீட்டை யாரும் விற்க முடியாது. உன் அம்மா மூன்றாம் மாடியில், தான் யாரென்று தெரியாத ஒருவனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டு, பலகை தட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

இதைக் கேட்டதும் மூஞ்சி வெளுத்துப்போனேன். வக்கீல் அம்மா தண்ணீர் கொடுத்தார். என் நோயை நினைத்துப் பயந்துவிட்டேன் என்று அவர் நினைத்திருப்பார். நான் பயந்தது வேறு ஒன்றுக்கு. பவர் செத்த பிறகு அதை வைத்து நான் ஒரு காரியம் செய்திருக்கிறேன்.

உன் பெரியப்பாவின் நிலம் உனக்கு ஞாபகம் இருக்கும். தாத்தா சொத்தைப் பிரித்தபோது அண்ணன் பங்கு அவரிடமே இருந்தது. என் பங்கை விற்று, ஊரெல்லாம் சிடிக்கு மாறிய அதே மாதத்தில் வீடியோ கேசட் கடை திறந்த உலகத்தின் ஒரே மேதை உன் அப்பன். அண்ணன் நிலத்தில் தாஸ் என்பவர் பதினேழு வருடம் செடி நர்சரி வைத்திருந்தார். பெரியம்மா போன பிறகு, பிள்ளை குட்டி இல்லாத அண்ணன் ராஜகீழ்ப்பாக்கத்து வாடகை வீட்டில் நம்மோடுதானே இருந்தார்? தினமும் சாயங்காலம் நர்சரிக்குப் போய் ஒரு கவிழ்த்த தொட்டி மேல் உட்கார்ந்து தாஸோடு பேசிக்கொண்டிருப்பார். சர்க்கரையில் அவர் கால் புண்ணாகி நடக்க முடியாமல் போனபோது, "எனக்குப் பதிலா நீ போய் வாடா" என்று பங்குனியில் எனக்குப் பவர் எழுதிக் கொடுத்தார். எழுதும்போதே சொன்னார். "அந்த எடத்தைச் செடிக்காரனுக்குத்தான் குடுக்கணும். அவனால எவ்ளோ முடியுதோ அவ்ளோ வாங்கிக்க."

தாஸ் லோன் எல்லாம் தயார் செய்துகொண்டு வந்து நின்றபோது ஆடி பிறந்து நாலு நாள் ஆகியிருந்தது. "எனக்கு ஆடியும் இல்ல, ஆவணியும் இல்ல. நாளைக்கே எழுதிக் குடுத்துட்டு வாடா" என்றார் அண்ணன். கோயில் பக்கமே போகாத நான், சோதிடக்காரனைக் கண்டால் வாய்க்கு வந்தபடி கிண்டல் செய்கிற நான், அன்றைக்கு வாயைத் திறந்தேன். "ஆடில எழுதினா விளங்காதுண்ணா. பதினேழு வருஷம் பொறுத்தவரு நாலு வாரம் பொறுக்க மாட்டாரா?" அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ சொன்னா சரி" என்றார். தாஸும் தலையாட்டினார். "இன்னா சார், ஆவணி எங்க ஓடிடப் போவுது?"

ஆடி மூன்றாம் வாரம் அண்ணன் குளியலறையில் விழுந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தது அவர் உடம்பு மட்டும்தான். என்னை "அப்பா" என்று கூப்பிட்டார். சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு அதை என்ன செய்வது என்று கேட்டார். நீ அப்போது கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருந்தாய், பரீட்சை என்று உனக்கு விவரமாகச் சொல்லவில்லை.

அந்த வாரமே ஒரு பில்டர் வந்தான். கழுத்தில் சைக்கிள் செயின் தடிமனுக்குத் தங்கம். "சார், பவர் உங்க கைல கீது. அப்புறம் இன்னாத்துக்கு யோசனை? நெலத்தைக் குடு, கையில கொஞ்சம் காசு, மேல ஒரு வூடு. உங்க வூட்டம்மாவுக்கு ஒரு சொந்த வூடு வேணாமா?" என்றான். உன் அம்மா அந்த நேரம் வாசலில் வீட்டுக்காரம்மாவிடம் தண்ணீர் மோட்டாருக்காகத் திட்டு வாங்கிக்கொண்டு நின்றாள். எனக்கு அது போதுமாக இருந்தது. அண்ணன் சொன்னது என் காதில் இருந்தது, பாப்பா. நன்றாகவே இருந்தது. அதை நான் மறக்கவில்லை. இன்றைக்கு என் தலையிலிருந்து என்னென்னவோ உதிர்கிறது, அது மட்டும் உதிர மாட்டேன் என்கிறது.

பவரை வைத்து விற்கிறவன், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்று டாக்டரிடம் சான்றிதழ் வாங்கிக் கொடுக்க வேண்டும். லைஃப் சர்டிபிகேட். தெரு டாக்டரைக் கூட்டி வந்தேன். அவர் அண்ணன் மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார், நாடி பார்த்தார், உயிரோடு இருக்கிறார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதில் ஒரு எழுத்துப் பொய் இல்லை. அண்ணன் அந்த நேரம் டாக்டரின் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு "இது எந்த ஸ்டேஷன்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். புத்தி இருக்கிறதா என்று சான்றிதழில் கேள்வி இல்லை. கேள்வி இல்லாததால் யாரும் கேட்கவில்லை. ஆவணி முதல் முகூர்த்தத்தில், ராகு காலம், எமகண்டம் எல்லாம் பார்த்து, உன் அப்பன் பில்டருக்கு எழுதிக் கொடுத்தான்.

தாஸுக்குப் பத்து நாள் கொடுத்தார்கள். செடிகளைக் குட்டியானை வண்டியில் ஏற்றிவிட்டு, கை நிறைய மண்ணோடு நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். நான் ஏற்கெனவே ஒரு வசனம் தயார் செய்து வைத்திருந்தேன். "அண்ணன் எங்கிட்ட ஒண்ணுமே சொல்லலையே தாஸு." "பெரியவரை ஒரு தபா பாத்துட்டுப் போறேன் சார்" என்றார். உள்ளே போனோம். அண்ணன் அவரைப் பார்த்தார். ஒரு மாதமாக என்னை அடையாளம் தெரியாத அந்தக் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. நாக்கு குழற, என்னைப் பார்த்துக் கேட்டார்.

"எழுதியாச்சா?"

"ஆச்சுண்ணா" என்றேன்.

அண்ணன் தாஸ் பக்கம் திரும்பினார். தாஸ் என்னைப் பார்த்தார். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் குனிந்து, மண் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆச்சு பெரியவரே. நல்லபடியா எழுதிட்டாங்க. நீ கவலப்படாம தூங்கு" என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார். அதற்குப் பிறகு பல்லாவரத்திலிருந்து செங்கல்பட்டு வரை எந்த நர்சரியைத் தாண்டினாலும் நான் பஸ்ஸில் அந்தப் பக்க ஜன்னலில் உட்காருவதில்லை.

நீ கல்யாணமாகி மறுவீடு வந்த வீடு, உன் அம்மா இறங்க முடியாத வீடு, அந்த மண்ணின் மேல்தான் நிற்கிறது. லிஃப்ட் குழி இருக்கும் இடத்தில்தான் அண்ணன் உட்காரும் தொட்டி இருந்தது. வக்கீல் அம்மாவிடம் யாரோ ஒருவர் கதை மாதிரி இதைச் சொல்லிக் கேட்டேன். அவருக்கு யார் கதை என்று புரிந்துவிட்டது. "உங்க அண்ணனுக்கு வாரிசு நீங்க ஒருத்தர்தானே சார். இப்ப யாரும் வந்து கேக்க மாட்டாங்க" என்று ஆறுதல் சொன்னார். யாரும் கேட்க மாட்டார்கள் என்பதை அவர் ஆறுதலாகச் சொன்னார், பாப்பா. எனக்குத் தண்டனை மாதிரிக் கேட்டது.

அதனால் ஆவணி வேண்டாம். இந்த வாரமே கிளம்பி வா. அம்மா கத்துவாள், கத்தட்டும். ஆடியில் பத்திர ஆபீஸில் ஈ ஓட்டிக்கொண்டு இருப்பார்கள், நம்மைப் பார்த்ததும் மேளதாளத்தோடு வரவேற்பார்கள். ஜெனரல் பவர் வேண்டாம் என்று வக்கீல் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். இந்த ஒரு வீட்டை விற்க, அந்தப் பணத்தில் உன் அம்மா பேரில் படி ஏறாத ஒரு வீடு வாங்க, அதற்கு மட்டும் பவர். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. பேங்க் கணக்கில் அம்மா பேரையும் அன்றைக்கே சேர்த்துவிடலாம்.

பத்திரம் கைக்கு வந்த பிறகுதான் உனக்கு உண்மையான வேலை. வீட்டை விற்கப் போகும்போது உன்னிடமும் லைஃப் சர்டிபிகேட் கேட்பார்கள். டாக்டர் வருவார், என் மார்பில் வைத்துப் பார்ப்பார், எழுதிக் கொடுப்பார். என் இதயம் யானை இதயம், அது நூற்றியிருபது வயது வரை அடித்துத் தொலைக்கும். டாக்டர் போன பிறகு நீ என் எதிரில் உட்கார். "அப்பா, எதை விக்கறோம்? யாருக்கு விக்கறோம்? எதுக்கு விக்கறோம்?" என்று கேள். அம்மா பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுப்பாள், விடாதே. நான் சரியாகச் சொன்னால் போய்க் கையெழுத்துப் போடு. நான் வேறு எதையாவது பேசினால், எந்த ஸ்டேஷன் என்று கேட்டால், அந்தப் பவர் செத்துவிட்டது என்று தெரிந்துகொள். வாசலில் எந்தப் பில்டர் நின்றாலும், அம்மாவே உன் காலில் விழுந்தாலும், அதை வைத்துக் கையெழுத்துப் போடாதே. கோர்ட்டுக்குப் போய் என்னைக் கவனிக்கிற பொறுப்பையும், வீட்டை விற்கிற அனுமதியையும் கேட்டு வாங்கு. நீளமான வழிதான். அது முடியும்வரை அம்மாவை நாற்காலியில் தூக்கித்தான் இறக்க வேண்டியிருக்கும். நான் குறுக்கு வழியில் போய் அவளை இந்த மாடியில் ஏற்றி வைத்தவன். அவளை இறக்குகிற வழியாவது நேராக இருக்கட்டும்.

சீரியலில் விளம்பரம் போட்டுவிட்டார்கள், "யாருக்கு எழுதறீங்க?" என்கிறாள். "பிரதமருக்கு" என்று சொல்லியிருக்கிறேன். நம்பிவிட்டாள்.

இன்னும் ஒன்றுதான். நான் பிறவிக் கோமாளி என்று உனக்குத் தெரியும். நீ பையோடு வந்து நிற்கும்போது கதவைப் பாதி திறந்து, "யாரும்மா நீ? எந்த வீட்டுக்கு வந்திருக்க?" என்று கேட்டாலும் கேட்பேன். உடனே சிரித்துவிடாதே. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நில். கொஞ்ச நேரம் பொறு. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தால், ஆட்டோவைப் போகவிடாதே, அதிலேயே பத்திர ஆபீஸுக்குப் போய்விடலாம். வரவில்லை என்றால், ஆட்டோவை அனுப்பிவிட்டு உள்ளே வா. அம்மாவுக்கு ஒரு காபி போட்டுக் கொடு. எனக்கும் ஒன்று கொடு. என் கையில் பேனாவை மட்டும் கொடுத்துவிடாதே.

அப்பா